மாடி ரூம் கம்ப்யூட்டருக்கு டாங்கிளா, ரிப்பீட்டரா, பவர்லைனா, கேபிளா?

மாடி ரூம் டெஸ்க்டாப்ல பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா நெட் போகும், கொஞ்ச நேரத்துல தானா வந்துடும், அதே நேரம் கீழ ஹால்ல எல்லாரும் ஜாலியா வீடியோ பாத்துட்டு இருப்பாங்க. நாலு வழியையும் போட்டுப் பாத்துட்டேன். ஆனா எதை வாங்குறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ரெண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒண்ணுல ரவுட்டருக்கு, என் வீட்ல அது 192.168.1.1, இன்னொண்ணுல 8.8.8.8-க்கு, அது வெளிய இருக்க கூகுள் சர்வர், பிங் ஓட விடுங்க. பிங்னா 'இருக்கியா'ன்னு கேட்டு பதில் வருதான்னு பாக்குற கமாண்ட். நெட் போறப்ப ரவுட்டர் பிங் ஜம்முனு ஓடி வெளிய போறது மட்டும் டைம்அவுட் ஆனா, கோளாறு ரவுட்டர்லயோ லைன்லயோ தான், கீழ சொல்றது எதுவும் உதவாது. ரெண்டும் ஓடுது, வெப்சைட் மட்டும் திறக்கலன்னா டிஎன்எஸ்ஸ, அதாவது வெப்சைட் பேர நம்பரா மாத்தித் தர்ற சர்வர, மாத்திப் பாருங்க, காசு மிச்சம். ரவுட்டர் பிங்கே அறுந்தா தொடர்ந்து படிங்க, எனக்கு அப்படித்தான்.

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் தான் இருக்கறதுலயே சீப். நான் அத பின்பக்கம் நீல போர்ட்ல, அதான் யூஎஸ்பி 3.0, எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்குக்கு ஒட்டினாப்புல சொருகி வச்சிருந்தேன், யூஎஸ்பி 3.0 ஓடுறப்ப வர்ற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைய கெடுக்கும்னு அப்ப தெரியாது. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு தள்ளி வச்சு, டிவைஸ் மேனேஜர்ல பவர் சேவிங் டிக்கையும் எடுத்துவிட்டதும் பாதி சரியாச்சு. மீதி பாதி நடுவுல இருக்க கான்கிரீட் தளம், 5 கிகாஹெர்ட்ஸ் அதுல இன்னும் மோசம்.

ரிப்பீட்டர், அதாவது வைஃபைய நடுவுல வாங்கி திரும்ப அனுப்புற பெட்டி, எனக்குப் பிடிக்கல. சிக்னல் வீக்கா இருக்க ரூம்லயே அத மாட்டுனா வீக்கான சிக்னலத்தான் திரும்ப அனுப்பும், அதனால மாடிப்படி நடுவுல பிளக் தேடணும். ஒரே ரேடியோ இருக்க மாடல்னா வாங்குறதும் அனுப்புறதும் அதே ரேடியோ, வேகம் பாதியா போயிடும். கரண்ட் போனா ரவுட்டர் இன்வெர்ட்டர்ல உயிரோட இருக்கும், படிக்கட்டு பிளக் செத்துடும்.

வீட்டு கரண்ட் ஒயர் வழியாவே நெட்ட அனுப்புற பவர்லைன் அடாப்டர் பிரெண்டுகிட்ட இரவல் வாங்கிப் பாத்தேன். எங்க வீடு த்ரீ பேஸ், கீழ ஒரு பேஸ், மாடி வேற பேஸ், அப்பப்ப லிங்க்கே கிடைக்கல. ஸ்பைக் பஸ்டர்ல மாட்டினா சிக்னல அது வடிகட்டிடும், நேரா சுவத்துல மாட்டணும். சிங்கிள் பேஸ் வீடுன்னா யோசிக்கலாம்.

கடைசில கேபிள். 25 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள், தூரம் பிரச்சனையே இல்ல, 100 மீட்டர் வரை தாங்கும். இழுத்தும் முதல் வாரம் அதே கதை! கிகாபிட் லிங்க், அதாவது 1000 எம்பிபிஎஸ், திடீர்னு 100-க்கு இறங்கும், விட்டு விட்டு வரும், வைஃபையே தேவலன்னு ஆயிடுச்சு. பிளக்க லைட் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா பிரவுன் ஒயர் நுனி வரைக்கும் வரவே இல்ல, பாதில நிக்குது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும், அதான் விஷயம். வெட்டிட்டு புது பிளக்க திரும்ப அழுத்திப் பொருத்தி கிரிம்ப் அடிச்சேன், ராத்திரி முழுக்க பிங் ஓட விட்டேன், ஒண்ணு கூட விழல. ஒண்ணு மட்டும் பாத்து வாங்குங்க, செம்பு பூசுன அலுமினிய கேபிள் வேணாம், மடிச்சா உள்ளுக்குள்ளயே ஒடியும்.

கேபிளுக்கு ஜன்னல் ஓரமா போட்ட ஓட்டை வழியா கொசு வருதுன்னு வீட்ல ஒரே திட்டு, அத எம்-சீல் வச்சு அடைச்சாச்சு.