ரத்தத் தட்டா, லேன்ஸ்ஃபீல்ட் எழுத்தா? ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பிரிக்கும் இரண்டு வழிகள்

கிராம் சாயத்தில் ஊதா உருண்டைகள் சங்கிலியாகத் தெரிகின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கவில்லை. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான். சரி, எந்த வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்? இங்கேதான் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன.

முதல் வழி, பிளட் அகார், அதாவது ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு. 1919-இல் பிரவுன் வகுத்த ஆல்ஃபா, பீட்டா, காமா பிரிவு இன்றும் நிற்கிறது. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும்: காலனியை (தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டத்தை)ச் சுற்றிப் பச்சை படர்ந்தால் ஆல்ஃபா, சிவப்பணுக்கள் முழுக்கக் கரைந்து தெளிந்திருந்தால் பீட்டா, மாற்றமே இல்லையென்றால் காமா. செலவு குறைவு. ஆனால் பீட்டா என்று தெரிந்தால் மட்டும் போதாது. தொண்டைப் புண்ணுக்குப் பின் ருமாட்டிக் காய்ச்சலைக் கொண்டுவரும் பயோஜெனிஸ் என்ற இனமும் பீட்டா, பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் அகலாக்டியேவும் பெரும்பாலும் பீட்டா.

இந்த இடைவெளியை நிரப்பியவர் நுண்ணுயிரியலாளர் ரெபெக்கா லேன்ஸ்ஃபீல்ட். செல் சுவரில் உள்ள சர்க்கரைப் பொருளை வைத்து 1933-இல் பீட்டா வகைகளை ஏ, பி, சி என்று பிரித்தார். இன்று லேடெக்ஸ் கிட் என்ற ஆயத்தச் சோதனைப் பெட்டியில் சில நிமிடங்களில் எழுத்து தெரிந்துவிடும். ஏ என்றால் பயோஜெனிஸ், பி என்றால் அகலாக்டியே. பீட்டாவைப் பொறுத்தவரை என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பி ரிப்போர்ட் போடுவது ஆபத்து. ஆஞ்சினோசஸ் என்ற இன்னொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குழுவில் சிலவும் ஏ எழுத்தைக் காட்டும். குண்டூசி முனை போன்ற சின்னக் காலனியும், தட்டைத் திறந்ததும் வரும் கேரமல் வாசனையும்தான் ஆஞ்சினோசஸ் என்பதற்குத் துப்பு. பிஒய்ஆர் என்ற நொதிச் சோதனை போட்டால் பயோஜெனிஸ் சிவக்கும், ஆஞ்சினோசஸ் சிவக்காது. டி எழுத்து இன்னும் மோசம். பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புள்ள காலோலிட்டிகஸுக்கும் டி, 1984-இல் தனிப் பேரினமாகப் பிரிந்துபோன என்டிரோகாக்கஸுக்கும் டி. முன்னது பெனிசிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும், பின்னதற்குப் பெனிசிலின் மட்டும் கொடுத்தால் பல நேரம் போதாது.

ஆல்ஃபா வகைகளிடம் லேன்ஸ்ஃபீல்ட் முறை கிட்டத்தட்ட எடுபடாது. நிமோனியாவுக்குப் பேர்போன நியூமோகாக்கஸுக்கு எழுத்தே கிடையாது. அங்கே கிட்டை வீணாக்காமல் ஆப்டோசின் என்ற மருந்து தோய்த்த வில்லையை வையுங்கள். 6 மி.மீ. வில்லையைச் சுற்றி 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளராத வட்டம் வந்தால் நியூமோகாக்கஸ். வட்டம் அதைவிடச் சிறிதாக இருந்தால், பித்த உப்பில் கரைகிறதா (நியூமோகாக்கஸ் கரையும்) என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.