டிக்கெட்டின் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

பதினாறு வயதிலிருந்து எனக்கு உயிரான ராக் குழு அது. இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் பெரிய ஸ்டேடியத்தில். பாடுகிறவர் எறும்பு மாதிரி தெரிந்தார். மற்றதையெல்லாம் திரையில்தான் பார்த்தோம். அதே குழு 300 பேர் மட்டும் நிற்கக்கூடிய ஒரு சின்ன அரங்கில் வாசிக்கப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கும் தங்கைக்கும் தலைகால் புரியவில்லை. அந்த மாதிரி இடத்தில் டிரம்ஸ் நெஞ்சுக்குள் அதிரும். கிட்டார் வாசிப்பவர் பாட்டுக்கு நடுவில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதைக்கூடக் கண்ணால் பார்க்கலாம்.

விற்பனை தொடங்கிய நொடியே உள்ளே போனேன். ஆன்லைன் வரிசையில் காத்திருந்து என் முறை வந்தபோது எல்லாம் விற்றுவிட்டது. சின்ன அரங்கு என்றால் இப்படித்தான். பொதுமக்களுக்கு வருகிற டிக்கெட்டே கொஞ்சம், அதிலும் ஒரு பங்கை மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிவிடுகிறார்கள். ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியதும் இந்தத் தவிப்புதான்.

இரண்டு நாள் கழித்து ரசிகர் குழு ஒன்றில் ஒருவர் எழுதியிருந்தார்: "ரெண்டு டிக்கெட் இருக்கு, வேலை வந்துடுச்சு, போக முடியல." பேசினேன். வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்னார். அதிக விலை கேட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். கேட்காததால் நல்லவர் என்று நம்பினேன். குழுவின் பழைய ஆல்பங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், க்யூஆர் கோடு தெளிவாக இருந்தது. பணம் அனுப்பும்போது மட்டும், "நண்பருக்கு அனுப்புற மாதிரி போடுங்க, இல்லேன்னா கமிஷன் பிடிப்பாங்க" என்றார். அப்படியே செய்தேன். அந்த வகையில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

நிகழ்ச்சி அன்று வாசலில் ஸ்கேன் செய்ததும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்த பெண் இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தார். "இந்த டிக்கெட்ல ஏற்கனவே ஆள் உள்ள போயிட்டாங்க சார்." தங்கை என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இன்னொண்ணு காட்டு." அதுவும் சிவப்பு. ஓரமாக ஒதுங்கினால் அங்கே ஏற்கனவே மூன்று பேர் நிற்கிறார்கள். போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கோடுக்குக் கீழே ஒரே ஆர்டர் எண், கடைசி இலக்கம்வரை ஒன்று. படத்தின் மேல் மூலையில் பேட்டரி அளவுகூட ஒன்றுதான். ஒரே ஸ்கிரீன்ஷாட்டை எல்லோருக்கும் விற்றிருக்கிறான். ஒரு கோடு ஒருமுறைதான் செல்லும், முதலில் வந்து காட்டியவர் யாரோ உள்ளே போய்விட்டார்.

கதவு மூடியது. முதல் பாட்டின் பாஸ் கிட்டார் சுவர் வழியாகக் கேட்டது. எந்தப் பாட்டு என்று எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவள் அழுதுவிட்டாள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

இதை எழுதுவதே இதற்காகத்தான்: டிக்கெட்டின் படம் டிக்கெட் ஆகாது. விற்பனை செய்த தளத்தின் செயலிக்குள்ளேயே உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாறி வந்த பிறகு பழையவரிடம் இருக்கும் கோடு வேலை செய்யாது. டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் 2019இல் கொண்டுவந்த முறையில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட டிக்கெட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சில நிகழ்ச்சிகளில் டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கவே அனுமதி இல்லை. பிரிட்டிஷ் ராக் குழுவான தி க்யூர் 2023 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில், சட்டம் இடம்கொடுத்த மாநிலங்களில் அப்படித்தான் செய்தது. போக முடியாதவர்கள் வாங்கிய விலைக்கே அதிகாரப்பூர்வமாகத் திருப்பி விற்க வழி வைத்திருந்தது. வாங்கும் முன் அந்த நிகழ்ச்சிக்கு என்ன விதி என்று அரங்கின் இணையப் பக்கத்தில் பாருங்கள். பணத்தை முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு எழுப்ப வழியாவது இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வாசலில் இருந்த அந்தப் பெண் சொன்னார்: குழுவின் விருந்தினர்களுக்கென்று ஒதுக்கிவைத்த டிக்கெட்டில் மிஞ்சுவதைச் சில சமயம் நிகழ்ச்சி நாளன்று மாலையில் விற்பனைக்கு விடுவார்களாம். அன்றைக்கும் நான்கு டிக்கெட் அப்படி வந்து, நாங்கள் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விற்றிருக்கிறது. கையில் டிக்கெட் இருப்பதாக நினைத்து நாங்கள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

நீங்களாகவே அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. அன்று வாசலில் நின்ற ஐந்து பேரும் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் போன கணக்கின் விவரத்தையும் ஒன்றாகச் சேர்த்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆளின் கணக்கு இப்போது வேறு பெயரில், வேறொரு நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் இருக்கிறது என்கிறது. வேலை வந்துவிட்டதாம்.