கத்திரி வெயிலும் முழு சிந்தெட்டிக் ஆயிலும்: மூன்று மாத அனுபவம்

என் வண்டி 2014இல் வாங்கிய கியர் பைக். 150 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின். அம்பத்தூரிலிருந்து பாடி, கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா வழியாகக் கிண்டிக்குப் போய் அதே வழியில் திரும்புவது அதன் அன்றாட வேலை. ஏப்ரல் முதல் வாரத்தில், இத்தனை ஆண்டுகளாக ஊற்றிவந்த 20டபிள்யூ-50 என்ற தடிமன் தரமுள்ள மினரல் எஞ்சின் ஆயிலை (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது) நிறுத்திவிட்டு, ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்து 15டபிள்யூ-50 தரத்தில், வேதிமுறையில் தயாரிக்கப்படும் முழு சிந்தெட்டிக் ஆயிலுக்கு மாறினேன். ஜூன் இறுதி வரை சுமார் 2,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிராண்டின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்தத் தரத்தில் கிடைக்கும் எந்த ஆயிலுக்கும் பொருந்தும்.

மாறியதற்குக் காரணம் பாடி மேம்பாலம். ஜனவரிக் காலையில் நான்காவது கியரிலேயே முனகாமல் ஏறிவிடுகிற வண்டி, மே மாத மதியத்தில் பாதி ஏற்றத்திலேயே மூன்றாவது கியரைக் கேட்கும். கடும் வெயிலிலும் பிக்கப் குறையாது என்ற பொருளில் டப்பாவின் முகப்பில் அச்சிட்டிருந்த வாசகத்தை நம்பித்தான் வாங்கினேன். அந்த வாக்கு பலிக்கவில்லை. மே இரண்டாம் வாரத்தில், கடற்காற்று உள்ளே வராமல் அனல் அடித்த ஒரு பிற்பகலில், புது ஆயிலோடு அதே பாலத்தில் ஏறியபோதும் அதே இடத்தில்தான் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது.

சற்று யோசித்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சினின் வலு, ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனின் எடையைப் பொறுத்தது. காற்று சூடானால் விரிந்து அடர்த்தி குறைவதால், அதே கொள்ளளவுக்குள் குறைவான ஆக்சிஜனே நுழைகிறது. 22 டிகிரி உள்ள ஜனவரி விடியலையும் 37 டிகிரி உள்ள மே பிற்பகலையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், வெப்பத்தால் மட்டும் ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. ஈரப்பதம் அதற்கு மேல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஒரு சதவீதம், அவ்வளவுதான். ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உலர்ந்த காற்றைவிட இலேசானது, ஏனெனில் நீராவி மூலக்கூறின் எடை 18, அது இடம்பிடித்துக்கொள்ளும் நைட்ரஜனின் எடை 28, ஆக்சிஜனின் எடை 32. ஆக, நம்மை வாட்டும் புழுக்கத்தைவிட வெயில்தான் எஞ்சினுக்குப் பெரிய எதிரி. நமக்கு வேர்வை காயாததால் புழுக்கம், எஞ்சினுக்கு வேர்ப்பதில்லை. 14 குதிரைத்திறன் உள்ள வண்டியில் இரண்டும் சேர்ந்து முக்கால் குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே பறித்துக்கொள்கின்றன. எந்த ஆயிலாலும் காற்றில் இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மாறுவதில்லை என்பதால், காற்று மெலிந்தாலும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாமல் கலவை சற்றுச் செறிந்துவிடும். மே மாதம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, வழக்கமான செங்கல் நிறத்துக்குப் பதிலாக முனை முழுவதும் காய்ந்த கரி படிந்திருந்தது. மெக்கானிக் அதை விரல் நகத்தால் சுரண்டிவிட்டு, “ஆயில் மாத்துனா இது போகாது சார், ஃபில்டரைப் பாருங்க” என்றார். ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டதும் வண்டியின் இழுவையில் தெரிந்த வேறுபாடு, ஆயிலால் தெரிந்ததைவிட அதிகம். அதற்கு ஆன செலவோ ஆயிலின் விலையில் கால் பங்குகூட இல்லை. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கலவை இப்படிச் செறிவதில்லை, ஆனால் அடர்த்திக் குறைவால் வரும் இழப்பு அவற்றுக்கும் உண்டு.

அப்படியானால் கொடுத்த பணம் வீணா என்றால், இல்லை. டப்பாவில் பெரிதாகச் சொல்லாத ஓர் இடத்தில் இந்த ஆயில் தன் விலைக்கு நியாயம் செய்தது. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். மாலை ஆறரை மணிக்கு, நாற்பது நிமிட நெரிசலுக்குப் பிறகு வடபழனி சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காமல் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே காலால் தேடிக்கொண்டிருப்பதும், மீட்டரில் நியூட்ரலைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்து சட்டென்று அணைவதும், கடைசியில் கிளட்ச்சைப் பிடித்தபடியே கை கடுக்க நிற்பதும் கோடைதோறும் நடப்பவை. இந்த மூன்று மாதத்தில் அது மிகவும் குறைந்துவிட்டது. கியர் விழும் ‘டக்’ சத்தமும் மென்மையாக இருக்கிறது. இரண்டு ஆயில்களுக்கும் சூட்டில் குறிக்கப்பட்ட தடிமன் ஒன்றே, அதாவது 50. ஆனால் பல்சக்கரங்களுக்கு இடையே அரைபட்டும் சூட்டில் வெந்தும் மினரல் ஆயில் அந்தத் தடிமனைச் சீக்கிரம் இழந்துவிடுகிறது. முன்பெல்லாம் 1,500 கிலோமீட்டரிலேயே கரடுமுரடாகிவிடும் எஞ்சின் சத்தம், இம்முறை 2,600 வரை பெரிதாக மாறவில்லை.

மைலேஜில் மாற்றமில்லை, லிட்டருக்கு 44, 45 என்றுதான் நிற்கிறது. நெரிசலில் கணுக்காலைச் சுடும் அனலும் அப்படியே. எஞ்சினைச் சுற்றியுள்ள உலோகத் துடுப்புகளின் மேல் காற்று வீசினால்தான் எஞ்சின் ஆறும், நிற்கிற வண்டியில் அதற்கு வழியில்லை.

நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு மினரல் ஆயிலே போதும். உரிய காலத்தில் மாற்றினால் சரி. நகர நெரிசலில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும் பழைய வண்டிகளுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். வாங்கும்போது டப்பாவின் பின்புறத்தில் ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. அதைக் கியர் வண்டியில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.