சேற்றில் கடற்பாசியைத் தேட டிஎன்ஏயா, சமதானியா?

வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து இறங்கினால் கல்லெல்லாம் பாசி. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அது பிய்ந்து, கொஞ்சம் கரையில் கிடந்து நாறும், மிச்சம் கடலோடு போய்விடும். அந்த மிச்சத்தோடு போகிற காபன் கடலடியில் புதைந்து தங்குகிறதா என்பதில்தான் இழுபறி. கண்டல் மரம் தன் காலடிச் சேற்றிலேயே காபனைப் புதைக்கிறது, போய்த் தோண்டி அளக்கலாம். பாறையில் ஒட்டி வளர்கிற பாசிக்கு வேரும் இல்லை, காலடியில் சேறும் இல்லை, அதனால் அதன் காபன் எங்கோ தூரத்து அடையலில் கிடக்கிறது என்று காட்டினால்தான் கணக்கில் ஏறும். 2016இல் கிரவுஸ்-ஜென்சன், டுவார்ட்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அப்படித் தங்குவதை வருடத்துக்குச் சுமார் 173 மில்லியன் தொன் காபன் என்று மதிப்பிட்டார்கள். சரி, சேற்றில் அதை அடையாளம் காண்பது எப்படி?

பழைய வழி சமதானி, அதாவது ஒரே மூலகத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள். உயர்தரத்தில் படித்த அதே காபன் 13, காபன் 12 விகிதம்தான். சேற்றைக் காயவைத்து, சிப்பித் தூளின் சுண்ணாம்பை அமிலம் விட்டுப் போக்கி, இயந்திரத்துக்குக் கொடுத்தால், அந்த விகிதம் ஒரு நியமத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று ஒரு எண் வரும். கண்டல் இலை −28 பக்கம், கடற்புல் −10 பக்கம். செலவும் குறைவு. ஆனால் கடற்பாசி இனத்தைப் பொறுத்து −10இலிருந்து −30ஐயும் தாண்டும். −20 வந்தால் அது மிதக்கும் நுண்பாசியா, நம்முடைய பாசியா, கண்டலும் கடற்புல்லும் கலந்ததா? குழம்பு புளிக்கிறது என்று நாக்கு சொல்லும். புளியா, தக்காளியா, மாங்காயா என்று சத்தியம் பண்ண முடியாது.

சூழல் டிஎன்ஏ, அதாவது உயிர்கள் சேற்றிலும் நீரிலும் விட்டுப்போகும் டிஎன்ஏ, நேரே பெயரைச் சொல்கிறது. கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுச் செய்த அதே பிசிஆர், இங்கே மூக்குக்குப் பதில் சேறு. 2019இல் டாரா, மலஸ்பினா என்ற ஆய்வுக் கப்பல் பயணங்களின் கடல்நீர் மாதிரிகளில் தேடியபோது கரையிலிருந்து 5,000 கிலோமீற்றர் தள்ளியும் கடற்பாசியின் டிஎன்ஏ கிடைத்தது, பெரும்பாலும் சிவப்புப் பாசி. சமதானியைக் கேட்டிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

அதற்காக டிஎன்ஏ சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. கபில நிறப் பாசியின் வழுவழுப்பு பிசிஆரையே முடக்கும், தரவுத்தளத்தில் இல்லாத இனம் பெயரில்லாமல் போகும், சூடான சேற்றில் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும். எல்லாவற்றையும்விட, படித்த டிஎன்ஏ வரிசைகளில் 40 சதவீதம் பாசி என்பதைக் காபனில் 40 சதவீதம் பாசி என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்காத தப்பு. கடைச் சிட்டையில் தக்காளி இருக்கிறது, சட்டியில் எத்தனை விழுந்தது என்று சிட்டைக்கு எப்படித் தெரியும்?

கொழுப்பு அடையாளங்களும் உண்டு, ஃபியூக்கோஸ்டெரோல் மாதிரி. அதைச் சில டயற்றங்களும் (ஒருவகை நுண்பாசி) உண்டாக்கும் என்பதால் நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

புத்தளம் களப்பில் ஒரு சேற்றுக் குழாய் எடுத்தால், எல்லா அடுக்குக்கும் சமதானி, சந்தேகமான அடுக்குகளுக்கு மட்டும் டிஎன்ஏ, அடுக்குகளின் வயதுக்கு ஈயம் 210 என்ற கதிரியக்கச் சமதானி. அப்புறம் ஒரு விசயம்: முதல் நாள் கஞ்சிப்பாசி கழுவிய வாளியில் அந்தக் குழாயை வைத்துவிடாதீர்கள், நூறு வருடத்துச் சேற்றிலும் கஞ்சிப்பாசிதான் வரும்.