எட்டு மாத வயிறும் இடுப்பு வலியும்: ஊரில் இருந்த நாலு வாரம்

30 வாரம் முடிந்திருந்தபோது ஊருக்குக் கிளம்பினேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு எப்போது போக முடியுமோ தெரியாது. 28 வாரம் தாண்டினால் அநேக விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். வயிற்றில் ஒரே பிள்ளை என்றால் பெரும்பாலும் 36 வாரம் வரை ஏற்றிக்கொள்வார்கள். கடிதம் கையில் இருந்தது, பிள்ளையும் நன்றாக இருந்தது. எனக்குத்தான் நடக்க முடியவில்லை.

காரணம், இடுப்பு வளைய வலி (pelvic girdle pain). அந்த வலியை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்தில் ஆப்பு வைத்துப் பிளப்பது போல இருக்கும். ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போட முடியாது. படுக்கையில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்புவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சில ராத்திரி உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் தூக்கம் போய்விடும்.

இடுப்பு ஒரே எலும்பு இல்லை. முன்னால் ஒரு இணைப்பு, பின்னால் முதுகெலும்பின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு. கர்ப்பகாலத்தில் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்களால் தசைநார்கள் இளகும், உடம்பின் பாரம் முன்னால் சாயும். மூன்று மூட்டும் சமமாக அசையாதபோது சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தாய்க்கு ஒரு மாடிப்படியே மலையாகிவிடும்.

முதல் அடி விமான நிலையத்திலேயே விழுந்தது. சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே பதிவு செய்திருந்தேன். ஊரில் இறங்கியதும் பார்த்தால், கதவுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு. நாற்காலி கீழே நிற்கிறது, பக்கத்தில் பணியாளர் நிற்கிறார். "உங்களுக்குப் படி இறங்க முடியும்னுதான்மா எழுதியிருக்கு" என்றார் அவர். அவர்மேல் தப்பில்லை. சக்கர நாற்காலிப் பதிவில் மூன்று வகை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறி இறங்க முடியும், தூரம் மட்டும் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் முடியாது, தூக்கி வண்டி (ஆளை விமானக் கதவு உயரத்துக்கு ஏற்றி இறக்கும் வண்டி) தர வேண்டும். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் விமானத்துக்குள் இருக்கை வரைக்கும் உதவி வேண்டும். எனக்கு முதல் வகையைப் போட்டிருந்தார்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலி அதிகமுள்ள காலை முதலில் வைத்து, மற்றதை அதே படிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக இறங்கினேன். (ஏறும்போது தலைகீழ்: நல்ல கால் முதலில்.) பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு பெரியவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

வலியோடு ஊருக்குப் போகிறவர்கள் "சக்கர நாற்காலி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படி ஏற முடியாது என்பதைத் தனியாகச் சொல்லி, எந்த வகை பதிவாகியிருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். பதிவு செய்ய நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் மேசை என் இடுப்பு உயரம், ஏறுவதற்கு ஒரே ஒரு முக்காலி. ஒற்றைக் காலில் நின்று ஏறுவதுதான் இந்த வலிக்கு ஆகவே ஆகாத காரியம். நான் தயங்க, "கொஞ்சம் சீக்கிரம் ஏறும்மா, வெளிய ஆள் நிக்குது" என்றார் நர்ஸ். டாக்டரம்மா பிள்ளையின் துடிப்பு, நீர், எடை எல்லாம் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார், அதில் குறையே இல்லை. இடுப்பைப் பற்றிக் கேட்டதும், "மாசமா இருந்தா வலிக்கத்தான் செய்யும். பிள்ளை பிறந்தா சரியாப் போயிடும்" என்று சீட்டை நீட்டிவிட்டார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். வலிக்காக இல்லை. இன்னும் பத்து வாரத்தை இப்படியே தள்ளு என்று சொன்ன மாதிரி இருந்தது.

மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கவில்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் கடைசி மூன்று மாதத்தில் பிள்ளையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயைச் சுருக்கிவிடலாம், பனிக்குட நீரையும் குறைக்கலாம். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டேன்.

அத்தை மகள் சொல்லித்தான் அந்த பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். தரைத்தளம், இரண்டே அறை. அந்தப் பெண் என்னைவிடச் சின்னவர். உட்காரவைத்துவிட்டு முதலில் கேட்டது: "அக்கா, எந்த வேலை செய்யும்போது உயிர் போகுது? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க." அதுவரைக்கும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மேசையைத் தாழ்த்தினார். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் ஒரு சாண் உயர்த்தச் சொன்னார். இடது கால் வந்தது. வலது கால் ஈரச்சாக்கு மாதிரி மேசையிலேயே கிடந்தது. பிறகு என் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் தன் உள்ளங்கைகளால் இறுக்கி அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்போ தூக்குங்க" என்றார். கால் எழுந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை, இன்னொரு தடவை செய்து பார்த்தேன். "அப்போ உங்களுக்கு பெல்ட் கேக்கும்க்கா. மூட்டைப் பிடிச்சு நிறுத்த ஆள் வேணும், அவ்வளவுதான்."

பெல்ட்டை நான் வயிற்றைத் தூக்கிப் பிடிக்கப் போடுவது என்றே நினைத்திருந்தேன். அவர் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி, தாழ இறுக்கினார். நடக்கும்போது மட்டும் போடு, தூங்கும்போது கழற்று என்றார்.

அப்புறம் படுக்கையில் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். அதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். முட்டி இரண்டையும் மடக்கி, ஒட்டி, நடுவில் தலையணை. வயிற்றையும் இடுப்பின் அடித்தசையையும் (சிறுநீரை அடக்கும் தசை) லேசாக உள்ளிழுத்து, மூச்சை விட்டுக்கொண்டே, தோளும் இடுப்பும் முட்டியும் ஒரே கட்டையாகப் புரள வேண்டும். காரில் ஏறுவதும் அப்படித்தான். முதுகைக் காட்டி முதலில் உட்கார், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பு. சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம், வண்டி கிளம்புமுன் எடுத்துவிட வேண்டும். உடுத்துவது உட்கார்ந்து. ஒரு பக்க இடுப்பில் எதையும் சுமக்காதே, குந்தி உட்காராதே, காலை அகட்டி நிற்காதே. வலி வந்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடு. வாரம் இரண்டு முறை போனேன். வலி போய்விடவில்லை. ஆனால் குளியலறைக்குச் சுவரைப் பிடிக்காமல் போனேன்.

எதெல்லாம் இந்த வலி இல்லை என்பதையும் அவரே சொன்னார். வயிறு விட்டுவிட்டு ஒரே கணக்கில் இறுகினால், ரத்தமோ நீரோ கசிந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், காய்ச்சலோ நீர்க்கடுப்போ வந்தால், கால் மரத்தால், சிறுநீரை அடக்க முடியாவிட்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், பெல்ட்டைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் கட்டிலில் திரும்பப் பழகுவதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்: "உன்னைச் சுமக்கும்போது எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு கண்ணு. இதுக்குன்னு ஒரு பேர் இருக்குன்னே தெரியாது. யார்கிட்டயும் சொல்லல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாராம்.

கடைசி நாள் பிசியோ ஒரு தையல் டேப்பை எடுத்தார். சாய்ந்து உட்காரவைத்து, வலி தொடங்கும் வரைக்கும் முட்டிகளை விரிக்கச் சொல்லி, நடுவில் அளந்தார். 32 செ.மீ. என் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். பிரசவத்தில் முதுகில் வலி மரத்துப்போக ஊசி (எபிடியூரல்) போட்டுவிட்டால் எனக்கு வலி தெரியாது. தெரியாமல் காலை அதற்கு மேல் விரித்துவிட்டால் மூட்டு பாடுபடும். ஒருக்களித்துப் படுத்தோ, கை ஊன்றி முட்டி போட்டோ பெற்றுக்கொள்ளலாம், காலைத் தூக்கினாலும் இரண்டையும் சேர்த்தே தூக்கச் சொல்லுங்கள் என்றார். இந்த வலி ஒன்றுக்காகவே சிசேரியன் பொதுவாகத் தேவைப்படாது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

34-ஆவது வாரம் திரும்பினேன். இந்தத் தடவை இரண்டாம் வகைப் பதிவு. தூக்கி வண்டி விமானக் கதவு வரைக்கும் வந்தது. நடைபாதை ஓர இருக்கை, அழுத்தக் காலுறை, நிறையத் தண்ணீர், அடிக்கடி எழுந்து நாலு எட்டு.

39-ஆவது வாரம் வலி எடுத்துப் பிரசவ அறைக்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவச்சி ஃபைலைத் திறந்து அந்த 32-ஐப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் ஒரு டேப்போடு வந்து மறுபடி அளந்தார். 29 செ.மீ. என் கட்டிலுக்கு மேலே இருந்த பலகையில் அதை எழுதினார். மகள் பிறக்கும்வரை நான் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுத்திருந்தேன். மேற்காலை அவர் தன் கையில் தாங்கியிருந்தார்.