பத்து வருஷத்தில் பல்லிளிக்கப் போவது எது?

ஒரு வீட்டு ஹாலின் படத்தைக் காட்டினால் போதும், அது எந்தக் காலத்து வேலை என்று ஓரளவு சொல்லிவிடலாம். தரையில் மொசைக், சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் என்றால் எண்பதுகள். க்ரீம் நிறத்தில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், ஒரு சுவர் மட்டும் ஊதாவிலோ ஆரஞ்சிலோ டெக்ஸ்சர் பெயிண்ட் என்றால் 2005-ஐ ஒட்டி. சாம்பல் நிறச் சுவர், படிப்படியாக இறங்கும் ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னால் கோடுகோடாக ஒரு பேனல் என்றால் அண்மையில் பால் காய்ச்சிய வீடு.

ஃபேஷன் மாறுவதில் தப்பொன்றும் இல்லை. மாறும்போது யார் வீட்டுக்குள் வரவேண்டியிருக்கும் என்பதுதான் விஷயம். திரைச்சீலை சலித்தால் நாமே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். தரை சலித்தால் கொத்தனார், சித்தாள், மணல் மூட்டை எல்லாம் வரவேண்டும். பீரோ முதல் ஃப்ரிட்ஜ் வரை வெளியே போகவேண்டும். அதனால் இங்கே ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வியோடு பார்க்கிறேன்: பழசாகிவிட்டால் இதை இடிக்கணுமா, கழற்றினால் போதுமா?

தரை: விட்ரிஃபைடு, கிரானைட், ஆத்தங்குடி, ரெட் ஆக்சைடு

தமிழ்நாட்டுக் கடைகளில் குவிந்திருக்கும் விட்ரிஃபைடு டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவது. தண்ணீரை உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் குழம்பு கொட்டினாலும் துடைத்துவிடலாம். பதிப்பதும் சீக்கிரம் முடிகிற வேலை. உழைப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. பழசாகப் போவது அதன் மேலிருக்கும் அச்சு. முதலில் க்ரீம் வந்தது, அப்புறம் மரப்பலகை மாதிரி அச்சு, இப்போது வெள்ளையில் சாம்பல் நரம்பு ஓடும் இத்தாலிய மார்பிள் மாதிரி, இரண்டடிக்கு நாலடி அளவில். ஒரு டிசைனில் வெவ்வேறு முகங்கள் சிலதான் இருக்கும். பெரிய ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் அதே நரம்பு நாலாவது கல்லில் மறுபடி ஓடுவது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கண் அங்கேயேதான் போகும். இன்னொரு சிக்கல், டிசைன்களைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கல் உடைந்தால் ஜோடி கிடைக்காது. ஒன்றிரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி லாஃப்ட்டில் போட்டு வைப்பது கட்டாயம்.

கிரானைட்டைப் பற்றி யாரும் பரவசப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல், கடையில் போய் ஸ்லாப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அது பெரிய ஃபேஷனாக இருந்ததில்லை, அதனால் ஃபேஷன் போகிற பேச்சும் இல்லை. நிறம் கல்லின் முழுத் தடிமனுக்கும் ஓடுவதால் இருபது வருஷம் கழித்து மங்கினாலும் மெஷின் வைத்துத் தேய்த்தால் புதுசாகிவிடும். அச்சு டைல்ஸில் இது நடக்காது, தேய்த்தால் டிசைனே போய்விடும்.

ஆத்தங்குடிக் கல்தான் இப்போது எல்லோர் வாயிலும். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் இன்னமும் கையால் செய்கிறார்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கூழைக் கட்டம் கட்டமாக ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் கலந்து நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளைக்கே போவதில்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும் என்பதும் உண்மைதான். தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பது அங்கே பழைய வழக்கம்.

ஆனால் சிமென்ட் என்பதால் புளிப்பு ஆகாது. எலுமிச்சையோ புளியோ சிந்தி அப்படியே கிடந்தால் தழும்பு விழும். சமையலறைக்கு அது வேண்டாம். அப்புறம் ஒரு எச்சரிக்கை: வீட்டு வேலை முடியும்போது தரையில் ஒட்டிய சிமென்ட்டைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். ஆத்தங்குடித் தரையில் அதைச் செய்தால் அத்தோடு கதை முடிந்தது. ஒப்பந்தக்காரரிடம் சொன்னால் மட்டும் போதாது, சுத்தம் பண்ண வருகிற ஆளிடமும் சொல்லவேண்டும்.

ஆத்தங்குடியும் பல்லிளிக்குமா? கல் இளிக்காது. செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறை தாண்டி நிற்கிறது. இளிக்கப் போவது அதைப் பயன்படுத்தும் விதம். வீடு முழுக்க வெள்ளை மார்பிள் அச்சு, நடு ஹாலில் மட்டும் பாய் விரித்த மாதிரி எட்டடிக்கு ஆறடி ஆத்தங்குடி என்கிற ஏற்பாடு எல்லா ரீல்ஸிலும் வருகிறது. இந்தக் காலத்தின் முத்திரையாக நிற்கப் போவது அதுதான். அதைவிட மோசம், ஆத்தங்குடிப் பூவை அச்சடித்து விற்கும் செராமிக் டைல்ஸ். அசலின் குளுமையும் இல்லை, விட்ரிஃபைடின் உழைப்பும் இல்லை. வாங்குவதானால் அசலையே வாங்கி, திண்ணை முழுக்கவோ சாமி அறை முழுக்கவோ போடுங்கள். துண்டு போடாதீர்கள்.

சிமென்ட்டில் சிவப்புப் பொடி கலந்து பூசும் ரெட் ஆக்சைடு தரை பார்க்க எவ்வளவு அழகோ செய்ய அவ்வளவு கஷ்டம். கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவேண்டும், அப்புறம் நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைக்கவேண்டும். இதில் அவசரப்பட்டால் மயிரிழை விரிசல். விரிசலை ஒட்டுப்போட்டால் ஒட்டு தனியாகத் தெரியும். கைதேர்ந்த ஆள் பக்கத்திலேயே இருக்கிறார் என்றால் இதைவிட நீடித்த தரை கிடையாது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுப் புது ஆளை வைத்துப் பரிசோதிப்பதாக இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

மொசைக் தரை உள்ள பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000-க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அதை உடைத்தோ மூடியோ டைல்ஸ் போட்டார்கள். இப்போது அதே கல்துணுக்குப் புள்ளிகளை அச்சடித்து டெராசோ டைல்ஸ் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். உங்களிடம் அசல் இருக்கிறது. பாலிஷ் போடும் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கா, வெறும் சீலிங்கா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை, வெறும் சீலிங்தான். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, புழங்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கிறது. அதாவது ஒன்பது அடி. ஏசி அறைக்கு மட்டும் 2.4 மீட்டர் வரை சலுகை. அடுக்குமாடி வீடுகளில் சீலிங் ஒன்பதரை அடியில் இருந்து, ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டுக்காக எட்டு அங்குலம் இறக்கினால் கணக்கு இடிக்கும். சித்திரை வெயிலில் நமக்குக் காப்பு சீலிங் ஃபேனும் தலைக்கு மேலுள்ள காற்றும்தான். இரண்டையும் கீழே இறக்கி வைக்க எதற்குப் பணம்?

இரண்டாவது ஒழுகல். மாடி வீட்டில் தளம் கசிந்தால் வெறும் சீலிங்கில் ஈரம் அன்றைக்கே தெரியும். போர்டுக்கு மேலே கசிந்தால் தெரியவே மாட்டேன் என்கிறது. பழுப்பு வட்டம் கண்ணுக்குத் தெரிகிறபோது போர்டு ஊறிப்போயிருக்கும்.

மூன்றாவது அந்த ஒளிந்திருக்கும் எல்இடி பட்டை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்கிற சின்னப் பெட்டி போய்விட்டால் ஒரு மூலை மட்டும் இருட்டு. புதுசு மாற்றினால் பழைய மஞ்சளும் புது மஞ்சளும் சேராது. இப்போது கோடு கோடாகச் செதுக்கி வைக்கும் ப்ரொஃபைல் லைட்டும் இதே வழியில்தான் போகப் போகிறது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. மேல்தளத்தில் போர்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள காற்று கொஞ்சம் வெப்பத்தைத் தடுக்கும், ஏசிக்கும் குளிர்விக்க வேண்டிய இடம் குறையும். ஆனால் வெப்பம்தான் பிரச்சினை என்றால், அது தளத்துக்குள் இறங்கும் முன்பே மறிப்பது புத்திசாலித்தனம். மொட்டைமாடியில் தட்டோடு பதிப்பதோ வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடிப்பதோ அந்த வேலையைச் செய்யும். ஏசி குழாயையும் பீமையும் மறைக்கவேண்டும் என்றால் அந்த ஓரத்துக்கு மட்டும் நேர்கோட்டில் ஒரு பெட்டி அடித்தால் போதும். பூ, வளைவு, மூன்று படி எல்லாம் வேண்டாம். புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. சென்ட்ரிங் அடிக்கும்போதே எங்கெங்கே விளக்கு வேண்டும் என்று முடிவு செய்து, கான்கிரீட் போடும் முன் பைப்பும் லைட் பாக்ஸும் வைத்துவிட்டால் மறைக்க வேண்டிய ஒயர் பெரும்பாலும் இருக்காது.

சமையலறை: அக்ரிலிக்கா, லேமினேட்டா

கண்ணாடி மாதிரி மின்னும் அக்ரிலிக் கப்போர்டு கதவும் கைப்பிடியே இல்லாத வடிவமும் கடையில் பார்க்க ஜோர். வீட்டில் எண்ணெய்க் கையோடு திறக்கவேண்டும். ஒவ்வொரு விரலும் பதியும், தேய்த்துத் துடைத்தால் கீறல் விழும். பளபளப்பில்லாத மேட் லேமினேட் சாதுவாகத் தெரிந்தாலும் இந்தப் பிடுங்கல் குறைவு, விலையும் குறைவு. மிச்சமாகும் காசை உள்ளே இருக்கும் பெட்டியில் போடுங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட் என்றால் பெட்டி நிலைத்து நிற்கும். சலித்துப்போகும்போது கதவை மட்டும் மாற்றிப் புதுச் சமையலறை ஆக்கிக்கொள்ளலாம். ஈரம் குடித்து உப்பிய பெட்டியில் எந்தக் கதவை மாட்டி என்ன?

மேடைக்கு வெள்ளை வெளேரென்ற நானோ வைட் என்னும் செயற்கைக் கல்லா, கறுப்பு கிரானைட்டா என்றால், மஞ்சள்தூள் புழங்கும் வீட்டில் இது ஒரு கேள்வியா! ஓப்பன் கிச்சனைப் பொறுத்தவரை, மீன் வறுக்கும் வீடு என்றால் ஒரு கண்ணாடி ஸ்லைடிங் கதவுக்காவது இடம் விட்டு வையுங்கள்.

சுவர்: பேனலா, பெயிண்டா

டிவிக்குப் பின்னால் வரும், கோடுகோடாகப் பள்ளம் விழுந்த சார்கோல் பேனல்தான் இந்தப் பட்டியலில் முதலில் பழசாகும் என்று பந்தயம் கட்டுவேன். ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி. டிவி பெரிதாக ஆக, பழைய அளவுக்குப் போட்ட பேனல் ஓரங்களில் மட்டும் எட்டிப் பார்க்கும். கழற்றினால் பசையோடு பூச்சும் பெயர்ந்து வரும். பட்டி பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பெயிண்டுக்கு அந்தக் கவலை இல்லை. நிறக் கம்பெனியான பான்டோன் 2021-இல் சாம்பலையும் மஞ்சளையும் ஆண்டின் நிறமாக அறிவித்தது. 2025-இல் மோக்கா மூஸ் என்று காப்பிப் பழுப்புக்குப் போய்விட்டது. அந்தச் சாம்பலை பெயிண்டாக அடித்தவர்கள் ஒரு வாரத்தில் மாறிக்கொள்ளலாம். டைல்ஸ், கப்போர்டு, ஜன்னல் ஃப்ரேம் எல்லாம் சாம்பலில் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பச்சையோ நீலமோ காவியோ, ஆசைப்பட்ட நிறத்தைத் தைரியமாகச் சுவரில் அடித்துப் பாருங்கள், இரண்டு வருஷத்தில் பிடிக்காமல் போனாலும் சரி. அப்படியே அந்த ஓம் எழுதிப் பின்னால் விளக்கு எரியும் சிஎன்சி மெஷினில் வெட்டிய பூஜைப் பலகையையும் சுவரோடு பதிக்காமல் ஆணியில் மாட்டி வையுங்கள்.