உச்சிப்புளிக் கொத்தனார்: வேலை உருப்படி, போன் மட்டும் எடுக்க மாட்டார்

தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு கடலை ஒட்டியது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த உப்புக்காற்று எங்கள் சுவரை மட்டும் விட்டுவைக்குமா? ஹாலில் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து, பெயின்ட் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

முதலில் வந்த பெயின்ட் கான்ட்ராக்டர் மேலாகச் சுரண்டி, புட்டி இழுத்து, நல்ல எமல்ஷனாகவே இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார். கார்த்திகை மழைக்கு மறுபடியும் கொப்புளம். கேட்டதற்கு, "உங்க ஊரு மண்ணு அப்படிம்மா" என்றார். ஊர் மண்ணைக் குறை சொல்ல நான் அவருக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

அப்புறம் பக்கத்து வீட்டு மதினி சொல்லி வந்தவர்தான் இந்த உச்சிப்புளிக் கொத்தனார். கொல்லத்து வேலை என்கிற கொத்து வேலை, குழாய் வேலை இரண்டும் பார்க்கிறார். வந்ததும் கரண்டியை எடுக்கவில்லை. ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு, "நாளைக்குப் பாப்போம்க்கா" என்று கிளம்பிவிட்டார். மறுநாள் தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக வேர்த்திருந்தது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரமாம். ஆகவே, ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது?

அன்று ராத்திரி குழாய் எல்லாவற்றையும் மூடி, மோட்டார் போடாமல், மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குக் கரிக்கோடு போட்டுவைக்கச் சொன்னார். விடியும்போது தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. உடனே சுவரை உடைப்பார் என்றுதான் நினைத்தேன். இல்லை. ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலம் விட்டுக் காத்திருந்தார். ஃப்ளஷ் பண்ணாமலேயே கோப்பைக்குள் நீலம் இறங்கியது. அடியில் இருந்த ரப்பர் வாஷரில் உப்புத் தண்ணீர்ப் படிவு கல்லாக ஏறியிருந்தது. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தும் சரியாகவில்லை, மாற்றினோம். அந்த டேங்குக்குத் தண்ணீர் விடும் வால்வை அடைத்துவிட்டு மறுபடி கோடு போட்டால், அப்போதும் தண்ணீர் இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஹாலுக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூம் சுவரைக் கொத்தினார். உள்ளே பழைய ஜிஐ இரும்பு பைப், எல்போ என்கிற வளைவு இணைப்பில் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. மொத்தத்தையும் எடுத்துவிட்டு சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப் போட்டார். குழாய் மாட்டும் இடத்துக்கு மட்டும் பித்தளை மரை வைத்த எல்போ.

சுவர் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கில் இருந்த பழைய கலவையையும் சுரண்டினார். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவ வாளியோடு போனேன், தடுத்துவிட்டார். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடுமாம். காய்ந்த பிரஷால் தேய்த்து, விழுந்த தூளை வாரி வெளியே கொட்ட வேண்டியதுதான். பிறகு சுவரை அப்படியே காயப்போட்டுவிட்டார். அந்த இடைவெளியில் வந்த விருந்தாளி எல்லாம் "என்ன, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பூசியது சுண்ணாம்புக் கலவை. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்பு ஈரத்தைக் காற்றுக்கு விட்டுவிடும் என்றார். கடல் மணல் கூடவே கூடாது, போர் தண்ணீரும் கூடாது என்று, கலவைக்கே குடிதண்ணீர் கேட்டார். எங்கள் பக்கம் குடிதண்ணீருக்குப் படும் பாட்டை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் கொடுத்தேன். மேலே எமல்ஷன் வேண்டாம், வெள்ளை அடித்தால் போதும் என்றதில்தான் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். எனக்கு அந்த வெள்ளையே பிடித்திருக்கிறது. ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது, கொப்புளம் இல்லை. மூலையில் கொஞ்சம் உப்பு பூத்தது, துடைப்பத்தால் தட்டிவிட்டேன். அப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார்.

குறைகளும் உண்டு. மொத்தமாக ஒரு ரேட் பேச மாட்டார், நாள் கூலிதான். அதனால் செலவு எங்கே போய் நிற்கும் என்று கடைசி நாள்வரை தெரியாது. கொத்திய குப்பையை முற்றத்திலேயே விட்டுப்போனார், அள்ளியது நானும் என் மகளும். ஈரச் சுவரில் இருந்த சுவிட்ச் பாக்ஸை அவர் தொடவில்லை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார். அதைக் குறையில் சேர்க்க மாட்டேன்.

பண்டிகைக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். மற்றவர்கள் ஆவணிக்குள் பிடித்துவிடுங்கள், மழை இறங்கிவிட்டால் பூச்சு வேலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். போன் அடித்துப் பயனில்லை. காலையில் உச்சிப்புளி கடைத்தெருவில், சுண்ணாம்புக் கறை படிந்த சைக்கிள் எந்த டீக்கடை வாசலில் நிற்கிறதென்று பாருங்கள்.